பொன்முகலியின் வழியே கடலுக்கு: திருப்பதியும் அதன் மறந்துபோன கரையும்

திருமலைத் தரிசனம் முடிந்தபின் விடுமுறையில் ஒரு நாள் எஞ்சியிருக்கும் குடும்பம் திருப்பதியில் செய்வது பெரும்பாலும் ஒன்றே. ஒரு வாடகை வண்டியை நாள் கணக்கில் பேசிக்கொள்ளும். திருச்சானூர், சந்திரகிரி, காணிப்பாக்கம், காளத்தி என்று ஓட்டுநர் ஊர்ப்பெயர்களை அடுக்குவார். அந்தப் பட்டியலில் கடல் இருப்பது அரிது. கடல் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக வண்டி கிழக்கே திரும்பும். காளத்தி, நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை வழியாகப் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். மலைக்குப் பெயர்போன ஊரிலிருந்து கடலுக்குச் செல்லும் இந்த ஒரு நாள் பயணம் பலருக்கும் வியப்பைத் தருகிறது. திருப்பதியைக் கடலோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இவ்வழக்கத்திற்கு நிலப்படமும் ஒரு காரணம். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. சந்திரகிரி, சித்தூர், பலமநேரி, மதனப்பள்ளி, காளத்தி, புங்கனூர், திருத்தணி எல்லாம் அதில் அடங்கின. கடற்கரை மட்டும் அடங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திருப்பதி கரையற்ற ஒரு மாவட்டத்தின் ஊராகவே இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசம் தன் மாவட்டங்களை மறுசீரமைத்தபோது, நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து புதிய திருப்பதி மாவட்டம் பிறந்தது. சூளூர்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா ஆகியவை அதற்குள் வந்தன. நிர்வாக வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த மாற்றம், செய்தவர்கள் எண்ணியிராத வகையில், பழைய வரலாற்றுப் புவியியல் ஒன்றை நிலப்படத்திற்கு மீட்டுக் கொடுத்தது.

அந்தப் புவியியலின் முதுகெலும்பு ஓர் ஆறு. சந்திரகிரியை அடுத்த மலைப்பகுதியில் பிறந்து, திருச்சானூரைக் கடந்து, காளத்தியில் வடக்கு நோக்கித் திரும்பிக் கோயிலின் மேற்குப் பக்கமாகப் பாய்ந்து, நாயுடுபேட்டை வழியாக வாகாட்டுப் பகுதியில் வங்கக் கடலைச் சேரும் சுவர்ணமுகி அது. தமிழ்ச் சமய இலக்கியம் அறிந்த பெயர் பொன்முகலி. கண்ணப்பர் வேட்டையாடிக் களைத்து வந்து காளத்தி மலையைக் கண்ட ஆறு இதுவே. இன்றைய தேசிய நெடுஞ்சாலை 71 திருப்பதியிலிருந்து காளத்தி வழியாக நாயுடுபேட்டைக்குச் செல்லும்போது ஏறக்குறைய இந்த ஆற்றின் போக்கையே பின்பற்றுகிறது. வாடகை வண்டியின் பயணி அறியாமலேயே மிகப் பழைய பாதை ஒன்றில் செல்கிறார்.

அப்பாதையில் ஒரு காலத்தில் போக்குவரத்தின் முகம் எதிர்த்திசையில் இருந்தது. இன்று மலைக்கு வந்தவர்கள் கடலைத் தேடிப் போகிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கடல்வழி வந்தவர்கள் அரசனைத் தேடி மலையடிவாரத்திற்கு வந்தார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசின் மையம் தெற்கே நகர்ந்தது. அரவீடு மரபின் இரண்டாம் வேங்கடபதி (1586–1614) பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும், பின்னர் வேலூருக்கும் தம் அரசிருக்கையை மாற்றிக்கொண்டார். மயிலாப்பூரில் இருந்த போர்த்துக்கேயரின் குடியிருப்பான சாந்தோமிலிருந்து இயேசு சபையினர் 1598இல் சந்திரகிரி அரசவைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தர் வந்தனர். பழவேற்காட்டில் வணிகம் செய்யும் உரிமையை 1610இல் வேங்கடபதியின் அரசவை அவர்களுக்கு வழங்கியது. 1612இல் போர்த்துக்கேயர் தாக்கி அவர்களது பண்டகசாலையை அழித்தனர். 1613இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை பழவேற்காடுதான்.

ஆங்கிலேயரின் கதையும் இதே நிலத்தில்தான் தொடங்குகிறது. பழவேற்காட்டில் ஒல்லாந்தரோடு போட்டியிட இயலாத ஆங்கிலக் கம்பெனி, 1626இல் வடக்கே துகராஜபட்டினத்தில் ஒரு நிலையத்தை அமைத்தது. ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் ஆர்மகான். அவர்களுக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரே அப்படித் திரிந்தது என்று சொல்லப்படுகிறது. சுவர்ணமுகி கடலைச் சேரும் வாகாட்டுப் பகுதியிலேயே இவ்வூரும் உள்ளது. ஆர்மகானில் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே என்பவர்தான் வசதியான வேறிடம் தேடித் தெற்கே சென்று, 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் சென்னைப்பட்டினத்திற்கான இசைவைப் பெற்றார். காளத்திச் சமீன் இந்தத் தாமர்ல குடும்பத்தின் வழியினருடையது. அந்த இசைவு சந்திரகிரி அரண்மனையில் உறுதிசெய்யப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. ஆவணங்கள் எவ்வாறு கூறினும், சென்னை நகரின் பிறப்புக்குச் சந்திரகிரி, காளத்தி, துகராஜபட்டினம் ஆகிய மூன்று ஊர்களும் தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. வாடகை வண்டி அரை நாளில் கடக்கும் தொலைவு இது.

இப்பாதையில் சென்ற பொருள்கள் எவை? முதன்மையானது துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்கப் பணத்தைவிடச் சோழமண்டலத் துணியே பயன்பட்டது. அதனால்தான் இக்கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்று ஒல்லாந்தக் கம்பெனியின் எண்டிரிக் பிரவுவர் 1612இல் வருணித்தார். பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை ஒன்றும் இயங்கியது. இவற்றோடு மனிதரும் ஏற்றுமதியாயினர். பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில் விற்கப்பட்ட, பிடிக்கப்பட்ட மக்கள் பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் வணிகர்களின் பெயர்கள் அழகிய எழுத்துகளில் செதுக்கப்பட்டுள்ளன. கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை. ஒரு நாள் பயணி நிழற்படம் எடுக்கும் இடத்தில் இந்த வேறுபாட்டை நினைவூட்ட யாரும் இல்லை.

கடல் மலைக்குக் கொடுத்ததும் உண்டு. திருமலையில் மூலவரின் திருநாமத்திற்குப் பச்சைக் கற்பூரம் பயன்படுகிறது. கோயிற் கல்வெட்டுகளின் பொருட்பட்டியல்களிலும் அது இடம்பெறுகிறது. இயற்கைப் பச்சைக் கற்பூரம் தரும் மரம் இந்தியாவில் வளர்வதன்று; சுமத்திரா, போர்னியோக் காடுகளுக்கு உரியது. சுமத்திராவின் கற்பூரத் துறைமுகமான பாரூசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அதை நிறுவியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். எந்தத் துறையில் இறங்கி எந்த வழியே மலையேறியது என்று ஒவ்வொரு பொதிக்கும் சொல்ல இயலாது. ஆயினும் உள்நாட்டு மலைக்கோயில் என்று நாம் கருதும் ஒன்றின் அன்றாட வழிபாடு கடல் வணிகத்தைச் சார்ந்திருந்தது என்பது தெளிவு. கோயிலுக்கு வந்த செல்வம் சமவெளிக்குத் திரும்பியதும் உண்டு. விசயநகரக் காலத்தில் திருமலைக்கு அளிக்கப்பட்ட கொடைப்பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்களில் முதலீடு செய்யப்பட்டதைப் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் கல்வெட்டுகளைக் கொண்டு விளக்கினார்.

மொழி வரலாற்றில் இந்நிலம் எழுப்பும் வினா இன்னும் கூர்மையானது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பான்மை தமிழ். 10ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்தளித்த செய்தி தமிழில் உள்ளது. விசயநகர அரசர்கள் காலத்துக் கொடைகளும் பெரும்பாலும் தமிழிலேயே பதிவாயின. கடலை நெருங்கும்போதும் இதே நிலைதான். கூடூர்ப் பகுதியின் மல்லம் என்னும் ஊரில், கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டில் ஒருவர் தம் உடலின் ஒன்பது இடத் தசையையும் பின் தலையையும் பிடாரிக்கு அரிந்தளித்த நவகண்டச் செய்தி தமிழ்க் கல்வெட்டாகவே நிற்கிறது.

இச்சான்றுகளைக் கொண்டு திருப்பதி தமிழருடையது என்று முடிவுகட்டும் பதிவுகள் ஆண்டுதோறும் வலம்வருகின்றன. அதற்கு மறுமொழியாகத் தமிழ்ச் சான்றுகளையே பேசாது கடக்கும் எழுத்துகளும் உள்ளன. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. கல்வெட்டின் மொழியை மக்களின் மொழி என்று எடுத்துக்கொள்வதே அப்பிழை. திருமலைக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் கோயிற் கணக்கர் திருநின்றவூருடையானின் எழுத்து என்ற குறிப்பு வருகிறது. திருநின்றவூர் இன்றைய சென்னைக்கு அருகில் உள்ளது. தொண்டைமண்டலத்துக் கணக்கர் குடும்பம் ஒன்று வழிவழியாகக் கோயிலின் எழுத்து அலுவலை வகித்தது என்பதை இது காட்டுகிறது. கொடையாளி எம்மொழியினராயினும் ஆவணம் அவ்வலுவலகத்தின் மொழியில்தான் எழுதப்பட்டது. அதே மலையில், அதே 15ஆம் நூற்றாண்டில், தாள்ளபாக்க அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கில் சங்கீர்த்தனங்களைப் பாடினார். பின்னர் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுச் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைக்கப்பட்டன. கணக்கு தமிழில், பாட்டு தெலுங்கில், வழிபாட்டில் வடமொழியும் ஆழ்வார் பாசுரங்களும். மொழிகள் துறைவாரியாகப் பங்கிடப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் சித்திரம் இது. இதை ஒரு மொழியின் உடைமையாகச் சுருக்கும்போது, அழியாமல் எஞ்சிய சான்றின் மிக அரிய பகுதியை நாமே அழிக்கிறோம்.

காளத்தியும் இதற்கு விதிவிலக்கன்று. தேவார மூவரும் பாடிய தலம் அது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அதன் இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. இன்று பயணி காண்பது 2017இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோபுரம். பழைய கோபுரத்தின் நினைவு இரண்டு மொழியினருக்கும் உரியது.

நாயுடுபேட்டையில் நெடுஞ்சாலை தெற்கே திரும்புகிறது. சூளூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிற்குச் செல்லும் சாலை ஏரியின் படுகையையே ஊடறுத்துச் செல்கிறது. குளிர்காலத்தில் இருபுறமும் பூநாரைகள் நிற்கும். அருகிலுள்ள நேலபட்டில் கூழைக்கடாக்கள் கூடுகட்டும். ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதற்குத் தெலுங்கில் பிரளய காவேரி என்றும் ஒரு பெயர் உண்டு. ஏரிக்கரை மக்களின் தெலுங்கை, தமிழோடு ஊடாடும் அதன் சொற்களோடு, ச. வெம். ரமேஷ் தம் பிரளய காவேரிக் கதைகளில் பதிவுசெய்திருக்கிறார். வழியில் உள்ள ஊர்ப்பெயர்களும் இவ்வூடாட்டத்தைச் சொல்கின்றன. நேலபட்டு, மாம்பட்டு என்னும் ‘பட்டு’ ஈற்றுப் பெயர்கள் ஆந்திரப் பகுதியில் உள்ளன. தெற்கே தமிழ்நாட்டின் பொன்னேரி வட்டத்தில் ரெட்டிபாளையம் இருக்கிறது.

பழவேற்காடு என்ற பெயரும் நெடுந்தொலைவு பயணம் செய்தது. போர்த்துக்கேயர் அதைப் பலியகாட் என்றனர். அவ்வூர் வழியாகச் சென்ற வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் புலிகாட் என்றே பெயர். மெக்சிகோவில் உழவர் கழுத்தில் கட்டும் துணியின் பெயர் பலியகாத்தே. அச்சொல்லை நாவாட்டில் மொழியோடு இணைப்போரும் உண்டு. பழவேற்காட்டோடு இணைப்போரும் உண்டு. முடிவு எதுவாயினும், உள்ளூரில் நெசவே நினைவிலிருந்து மங்கிய பின்னும் வேறொரு கண்டத்தில் ஓர் ஊரின் பெயரைக் குறித்து விவாதம் நடக்கிறது.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றீவு ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதளம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது ஓர் அரசுக்குத் தேவைப்பட்ட நிலமாக இருந்தது. சென்னை நகரின் விறகுத் தேவைக்காக 1835இல் சென்னை அரசு அத்தீவைத் தன்வசமாக்கியது. 1806இல் பேசில் காக்கரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கே நீண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகருக்குள் இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. தீவின் விறகு அதன் வழியே படகுகளில் நகரின் அடுப்புகளுக்குச் சென்றது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் காடுபடு பொருள் சேகரித்து அரசுக்குக் கொடுப்பவர்களாக மாற்றப்பட்டனர். 1969இல் அத்தீவு விண்வெளித் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ஆய்வு ஏவூர்தி கிளம்பியது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.–3 ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. யானாதிகள் இரண்டாம் முறை இடம்பெயர வேண்டியிருந்தது. ஏவுதலைக் காணும் பயணியின் கண் வானத்தில் இருக்கும்போது, காலடியில் உள்ள நிலத்தின் இந்த வரலாறு மறைந்துபோகிறது.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் தென்முனைக்கு எதிரே நீருக்கு அப்பால் பழவேற்காடு. ஆனால் வண்டி அங்கே நேராகச் செல்ல இயலாது. சூளூர்பேட்டைக்குத் திரும்பி, தடா தாண்டி, மாநில எல்லையைக் கடந்து, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று ஏரியைச் சுற்றிவர வேண்டும். ஆந்திரப் பதிவெண் கொண்ட வாடகை வண்டிக்கு எல்லையில் உரிமமும் வரியும் பற்றிய கேள்வி எழும். பயணிக்கு இது அரைமணி நேரத் தாமதம். ஏரியின் மக்களுக்கு இது அறுபது ஆண்டுகளுக்கும் மேலான சிக்கல்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் குழுவின் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் தொடர்ந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. ஊர்வாரியாகப் பெரும்பான்மை மொழியை எண்ணி நிலத்தைப் பிரிப்பது அன்றைய தீர்வு. நிலத்தில் அது ஓரளவு இயன்றது. நீரில் இயலவில்லை.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அதற்குக் கடல்நீர் தரும் முதன்மையான முகத்துவாரம் தமிழ்நாட்டுப் பழவேற்காட்டில் உள்ளது. ஏரிக்கு நன்னீர் தரும் ஆரணியாறு ஆந்திர மலைகளில் பிறந்து தமிழ்நாட்டு வயல்கள் வழியாக ஏரியை அடைகிறது. காளிங்கி சூளூர்பேட்டை வழியாக வந்து சேர்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இரு மாநில மீனவருக்கும் இழப்பு. தூர்வாருவதற்கோ இரு அரசுகள் தேவை. மீன்பிடி எல்லை குறித்த மோதல்கள் இன்றும் ஓயவில்லை. தடாவை அடுத்த இருக்கம் தீவின் தமிழ் பேசும் மீனவர்கள் ஆந்திரக் குடிமக்கள்.

இந்த எல்லைக்கு மிக முந்தைய ஓர் ஒழுங்கு ஏரியில் உண்டு. இறால் வலை கட்டுவதற்குரிய நீர்ப்பகுதிகளைத் தலைக்கட்டுக் கணக்கில் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறையே அது. பட்டினவர் ஊர்களின் இவ்வொழுங்கில் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதே வினா. அதற்கும் குறைகள் உண்டு. பாடு உரிமை இல்லாத பிற சமூகத்தார் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஆயினும் நீரைக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது, முறைவைத்துத்தான் பகிர முடியும் என்ற புரிதல் அதில் இருந்தது.

மாலையில் பழவேற்காட்டில் வண்டி நிற்கும்போது கெல்டிரியாக் கோட்டை இருந்த இடம் முட்புதர் மண்டிய மேடாகத் தெரியும். 1825இல் இவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோதே அதன் வணிகச் சிறப்பு முடிந்திருந்தது. இங்கிருந்து நோக்கினால் காலையில் புறப்பட்ட மலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த மேட்டின் வரலாற்றை எழுத அம்மலை தேவை. அதன் இசைவு வேங்கடபதியின் அரசவையில் கிடைத்தது.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. சந்திரகிரியும் பழவேற்காடும் இன்று இரு மாநிலங்களில், இரு தொல்லியல் வட்டங்களில், இரு பல்கலைக்கழக மரபுகளில் ஆராயப்படுகின்றன. தமிழ் மட்டும் அறிந்தவர் கணக்கைப் படிக்கிறார், பாட்டைத் தவறவிடுகிறார். தெலுங்கு மட்டும் அறிந்தவர் பாட்டைப் படிக்கிறார், கணக்கைத் தவறவிடுகிறார். ஒல்லாந்த மொழி ஆவணங்களை இருவரும் பெரும்பாலும் பிறர் மொழிபெயர்ப்பில்தான் அறிகிறார்கள். வாடகை வண்டியின் ஓட்டுநருக்கு இச்சிக்கல் இல்லை. காளத்தியில் தெலுங்கும், ஆரம்பாக்கத்தில் தமிழும், இடையில் இரண்டும் பேசி அவர் வண்டியைக் கொண்டுசெல்கிறார். பொன்முகலிக் கரையின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் பெறவேண்டிய தகுதி அதுவே.